பனிச்சரிவும் நரியும்

பனிமலை ஒன்றின் உச்சிக்குக் கீழே, ஒரு குகையில் மலையாடு ஒன்று தனியாக வாழ்ந்து வந்தது. முன்னங்கால் அடிபட்டிருந்ததால், குளிர்காலம் தொடங்கியபோது அதன் கூட்டம் அதை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அது யாரோடும் பேசவில்லை. சில சமயம் தன் குரல் இருக்கிறதா என்று பார்க்கச் சும்மா ஒருமுறை கத்திப் பார்த்துக்கொள்ளும்.

ஒருநாள் பெரும்பனி கொட்டியது. அதற்குப் பயந்து ஒரு நரி குகைக்குள் ஓடி வந்தது.

"இங்கே தங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டது நரி.

"தாராளமாக!" என்றது ஆடு. உடனே நகர்ந்து நரிக்கு இடம் விட்டது.

பனிப்புயல் ஓயும்வரை இரண்டும் ஓயாமல் பேசின. நரி சொன்ன கதைகளுக்கு ஆடு வயிறு குலுங்கச் சிரித்தது.

விடியுமுன் புயல் ஓய்ந்தது. பிறகு வெயில் அடித்தது. எதிரே வெள்ளைச் சரிவு பளபளத்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தோப்பு.

"அங்கே கௌதாரிகள் இருக்கும். பசி தாங்கவில்லை, நான் கிளம்புகிறேன்!" என்றது நரி.

"சரிவில் கால் வைக்காதே!" என்று ஆடு பதறியது. "அடியில் பழைய பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது. புதுப்பனி அதில் ஒட்டவே இல்லை. காலையில் ஓரத்தில் மிதித்தேன், உள்ளே 'தொம்' என்று சத்தம் கேட்டது. மேலே பாறை முகட்டு வழியாகச் சுற்றிப் போ!"

"முயல் போன தடம் தெரிகிறதே?"

"முயலுக்கு எடை இல்லை. அதுவும் விடியற்குளிரில் போனது. இப்போது வெயில் ஏறிவிட்டது!"

நரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. "புரிந்துவிட்டது! நான் போனால் உனக்குப் பேச்சுத்துணை இல்லை. அதனால்தான் பயமுறுத்துகிறாய்!"

ஆடு தலை குனிந்தது. "நீ போனால் எனக்குக் கஷ்டம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சரிவு உடையும் என்பதும் உண்மை. இங்கே தங்க வேண்டாம், இப்போதே போ. முகட்டு வழியாகப் போ, அது போதும்!"

"முகட்டில் பாதி வழியிலேயே இருட்டிவிடும். திரும்பி உன்னிடம்தான் வரவேண்டும். நல்ல தந்திரம்!" என்று சிரித்துவிட்டு நரி சரிவில் இறங்கியது.

நடுச்சரிவு வரை ஒன்றும் ஆகவில்லை. நரி திரும்பி வாலை ஆட்டிக் காட்டியது.

அப்போது அதன் தலைக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. கோடு நீண்டது. மொத்தச் சரிவும் பலகை பலகையாக உடைந்து பெருஞ்சத்தத்தோடு பள்ளத்தில் போய் விழுந்தது.

எல்லாம் அடங்கியதும் ஆடு நொண்டி நொண்டிக் கீழே இறங்கியது. "நரியே! நரியே!" என்று கூப்பிட்டபடியே குளம்பால் தோண்டியது. விழுந்த பனி கல்லாய் இறுகியிருந்தது. ஓரிடத்தில் தோண்டிவிட்டு இன்னோர் இடம், பிறகு இன்னோர் இடம் என்று வெளிச்சம் இருந்தவரை தோண்டியது. பதில் வரவில்லை.

'பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டதே!' என்று விம்மியபடி ஆடு தனியாகக் குகைக்கு ஏறியது.

எச்சரிப்பவருக்கு அதில் சொந்த ஆசை இருக்கலாம். அதனால் அவர் சொல்லும் ஆபத்து பொய்யாகிவிடாது.