மூன்று மூலைப் போர்வை

ஒட்டுப்போர்வைக் கடையில் தையல் பழக வந்தவர்களிலேயே யாருக்கும் அடங்காதவர் ஓய்வுபெற்ற தாசில்தார் உமாபதி. அவர் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வை மூன்று மூலையாக வந்து நின்றது.

"பிரிச்சுத் தைக்கணுங்க ஐயா," என்றாள் சொல்லிக்கொடுக்கும் செங்கமலம்.

"போர்வை சரி, என் கட்டில்தான் தப்பு! ஒரு தையல்கூடப் பிரிக்காம கட்டிலுக்குப் பொருத்திக் கொடு. இல்லேன்னா முதலாளிகிட்டச் சொல்லி உன் சீட்டைக் கிழிச்சிடுவேன்."

செங்கமலம் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்தாள். "பொருத்திடலாங்க. ஆசாரி ரம்பத்தோட கிளம்பிட்டார். கட்டில்ல ஒரு மூலையை அறுத்துடுறோம்னு உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"ஐயையோ, அவ அப்பா சீரா கொடுத்த தேக்குக் கட்டிலாச்சே! என்ன சொன்னா?"

"கட்டிலைத் தொடக் கூடாதாம். போர்வைக்குத் தகுந்த மாதிரி உங்களை அறுக்கச் சொல்லிட்டாங்க. ஆசாரி இங்கேதான் வந்துக்கிட்டிருக்கார்."

உமாபதி இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மளமளவென்று தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.