மார்கரீத்தின் அடித்தட்டில் ஒரு பொதி

பிரெஞ்சுக்காரர்கள் பாய் விரித்துப் புதுச்சேரிக்கு வந்துபோன காலம். மார்கரீத் என்றொரு சரக்குக் கப்பல் இருந்தாள். அகன்ற வயிறு, ஆடி அசைந்த நடை. நம் ஊர் நீலத்துணியைப் பொதி பொதியாய்ச் சுமந்து கடல் தாண்டுவதே அவள் பிழைப்பு.

சண்டை மூண்டது. ஒரே வாரத்தில் அவள் விலாவில் இருபது ஓட்டை வெட்டி, இருபது பீரங்கிகளை உட்கார வைத்தார்கள். புதுச் சாயம், புதுக் கொடி. மார்கரீத்துக்குத் தலைகால் புரியவில்லை.

பொதிகளை இறக்கும்போது ஒன்று மட்டும் அடித்தட்டு மூலையில், இரண்டு சட்டங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கப்பல் தச்சன் சவரிமுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "கெடந்துட்டுப் போவுது" என்று விட்டுவிட்டான்.

"யாரம்மா அது, கல்யாணம் முடிந்தும் வீட்டுக்குப் போகாத விருந்தாளி?" என்றது மூத்த பீரங்கி. மற்றவை கடகடவென்று சிரித்தன.

மார்கரீத்துக்கு வெட்கமாய்ப் போயிற்று. "பொதியே, போர்க்கப்பல்கள் பக்கத்தில் வந்தால் மூச்சு விடாதே. நான் துணி சுமந்தவள் என்று தெரிய வேண்டாம்."

"சரி தாயே," என்றது பொதி.

மூன்றாம் நாள் எதிரிக் கப்பல் வந்தது. பீரங்கிகள் முழங்கின. புகை, நெருப்பு, முறிந்து விழும் மரம். மார்கரீத் திரும்பினாள், பாய்ந்தாள், "இன்னும் போடு, இன்னும் போடு" என்றாள். எதிரி பின்வாங்கினான். பின்வாங்கும்போதே அவன் விட்ட குண்டொன்று அவள் அடிவயிற்றைத் துளைத்தது.

கடல் உள்ளே பாய்ந்தது. மேலே இருநூறு பேர். ஒவ்வொருவனுக்கும் எங்கோ ஒரு தாய். "யாராவது இந்த ஓட்டையை அடையுங்களேன்," என்று பதறினாள் மார்கரீத்.

"எங்களுக்குத் துளைக்கத்தான் தெரியும்," என்றது மூத்த பீரங்கி, தாழ்ந்த குரலில்.

மூலையிலிருந்து மெல்ல ஒரு கேள்வி வந்தது. "தாயே, இப்போது மூச்சு விடலாமா?"

சவரிமுத்து கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினான். அன்று அசையாத பொதியைத் தண்ணீரே தூக்கிக் கொடுத்தது. "மாதாவே, இந்த ஒரு தடவை" என்று தோளால் முட்டி ஓட்டைக்குள் தள்ளினான். பொதி உப்புத்தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதியது, இறுகியது. கடல் வெளியே நின்றுவிட்டது.

புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போட்டபோது கரையெல்லாம் கொட்டுமேளம். பக்கத்தில் நின்ற பெரிய போர்க்கப்பல், "உன் வீரனைக் கொஞ்சம் காட்டேன்," என்றது. மூத்த பீரங்கி நெஞ்சை நிமிர்த்தியது.

"இவனில்லை," என்றாள் மார்கரீத். "நான் துணி சுமந்தவள். என் வீரன் ஒரு துணிப்பொதி. கீழே இருக்கிறான். கூப்பிட முடியாது, அவன் எழுந்து வந்தால் நான் முழுகிப்போவேன்."