மடை திறக்க யார் கை?

கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். பராக்குப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதையிலேயே இருக்கிறது.

கீழப்பொட்டல் கண்மாய் இரண்டு வருடமாக நிரம்பவில்லை. மழை பெய்தது, ஆற்றில் தண்ணீரும் வந்தது. ஆனால் அது கண்மாய்க்குள் நுழைய வழியில்லை. வரத்துக்கால்வாயின் குறுக்கே சவரிமுத்துவின் தென்னந்தோப்பு நின்றது. அவருடைய அப்பா வைத்த மரங்கள்; ஓரமாக இருந்த கொஞ்ச வழியும் இரண்டு வருடத்துக்கு முன் வேர் அடைத்துத் தூர்ந்துவிட்டது. அது அரசாங்கக் கால்வாய் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு நிலம் கிடையாது. தேங்காய் விற்றால்தான் அடுப்பு எரியும்.

தாலுகா ஆபீசில் முறையிட்டபோது, "கிராம சபையில தீர்மானம் போட்டுட்டு வாங்க, பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். போடாமல் விடுவாளா செல்லக்கிளி? கண்மாயின் கடைக்கோடியில் அவளுக்கு அரை ஏக்கர் வயல் காய்ந்து கிடந்தது.

எங்கள் கிராம சபையின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். நூறு பேர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். வருவதோ முப்பது பேர். மிச்சக் கையெழுத்தை நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் வாங்கிக்கொள்வது வழக்கம். இந்தத் தடவை அந்தப் பாச்சா பலிக்காது என்று தெரிந்துவிட்டது. சவரிமுத்துவின் சொந்தக்காரர்கள், "ஒரு ஆள் குறைஞ்சாலும் கோர்ட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு, தங்களில் ஒருவரும் கூட்டத்துக்குப் போகக் கூடாது என்றும் பேசிக்கொண்டார்கள்.

செல்லக்கிளி தெருத்தெருவாக நடந்தாள். ரேஷன் கடை வரிசை, குழாயடி, சாவு வீடு, எங்கே பார்த்தாலும் அவளுக்கு ஒரே பேச்சு. சுதந்திர தினத்தன்று காலையில் அவள் கொழுந்தன் வெள்ளைக்கண்ணு தன் குட்டியானை லோடு வண்டியில் ஆள் ஏற்ற ஆரம்பித்தான். செங்கல் சூளை, காலனி, மேலத்தெரு என்று நடை மேல் நடை. ஒரு பைசா வாங்கவில்லை. செல்லக்கிளி வயலுக்கு அடுத்த வயல் அவனுடையது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பப்பா, அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பள்ளிக்கூட மைதானத்தில் நிழலுக்கு இடம் போதாமல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். கிராம சபைக்கு ஊர் அப்படிக் கூடியதே இல்லை.

சொந்தக்காரர்கள் தடுத்தும் சவரிமுத்து தனியாளாக வந்தார். மைக்கைப் பிடித்து, "மரத்தை வெட்டிட்டா என் புள்ளைகளுக்கு நீங்களா சோறு போடுவீங்க?" என்று கேட்டார். ஆளாளுக்குக் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கோபத்தில் மைக்கை வைத்துவிட்டு, கையெழுத்துப் போடாமலே எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

பார்வையிட வந்த அதிகாரி, செல்லக்கிளி நோட்டில் பேர் எழுதி வாங்கிய கையெழுத்துகளை எண்ணினார். தொண்ணூற்றொன்பது. மறுபடி எண்ணினார், அதேதான். "இன்னும் ஒரே ஒரு கையெழுத்து இருந்தா முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு, எதையும் கண்டுகொள்ள மாட்டேன் என்பது போல வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

வெள்ளைக்கண்ணு துள்ளி எழுந்தான். "மதினி, உங்க தங்கச்சி பேரை எழுதுங்க. திருப்பூர்ல இருந்தா என்ன, ஓட்டு இங்கதான இருக்கு? கையெழுத்தை நான் போடுறேன்!"

"எழுதும்மா, எழுது!" என்று கூட்டமே கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? அடுத்த கூட்டம் காந்தி ஜெயந்திக்குத்தான். அதற்கப்புறம் மரம் வெட்டி முடிப்பதற்குள் மழை இறங்கிவிடும், கால்வாயைத் தோண்ட முடியாது. இந்த வருட வெள்ளாமையும் போய்விடும்.

செல்லக்கிளி பேனாவை மூடினாள். "மாட்டேன். இத்தனை பேரு வெயில்ல உக்காந்து போட்ட நெசக் கையெழுத்து இது. நடுவுல ஒரு பொய்யி எதுக்கு? அடுத்த வருசம் பார்த்துக்குவோம்."

மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவும் ஸ்பீக்கரில் டீக்கடை வரைக்கும் கேட்டது. சவரிமுத்து டீ கிளாசும் கையுமாக நின்றார். கூட்டம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது. நூறாவது ஆள் அதோ நிற்கிறார்! டீக்கடைக்குப் பக்கத்துச் சந்தில்தான் அவர் வீடு. பேசாமல் போய்விட்டால் தோப்பு பிழைத்தது.

அவர் கிளாசை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். "நோட்டைக் கொண்டாங்க. ஒத்தப் பொய்யில அந்தப் புள்ள ஜெயிச்சிருக்கலாம், செய்யல. நானும் ஒளிஞ்சு நின்னு ஜெயிக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டார். ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது அவர் கை மட்டும் உயர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது. அடித்தார்கள் பாருங்கள் விசில்!

மரங்கள் சாய்ந்தன, கால்வாய் திறந்தது, ஐப்பசியில் கண்மாய் தளும்பியது. யாரால் தண்ணீர் வந்ததோ அவருக்குத் துண்டு கட்டி முதல் மடையைத் திறக்கச் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. உடனே கிளம்பியது சண்டை. ஆள் கொண்டுவந்து சேர்த்த வெள்ளைக்கண்ணு என்றது ஒரு கட்சி. ஊரையே எழுப்பி, பொய்யெழுத மறுத்த செல்லக்கிளி என்றது இன்னொரு கட்சி. எதிர்த்துக் கை தூக்கிய சவரிமுத்துதான் என்று சிலர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

நீங்கள் சொல்லுங்கள்: முதல் மடையைத் திறக்க வேண்டிய கை யாருடையது?

விடை: சவரிமுத்துவின் கைதான். வெள்ளைக்கண்ணு பாடுபட்டது தன் வயலுக்கும் சேர்த்து, அதற்காகப் பொய்க்கும் துணிந்தான். செல்லக்கிளி ஒரு வெள்ளாமையை இழக்கத் துணிந்தாள். பெரிய மனசு, சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வருடம் அவள் மறுபடி விதைக்கலாம். வெட்டிய தென்னை மறுபடி எழாது. மடையைச் சவரிமுத்துதான் திறக்க வேண்டும் என்று முதலில் சொன்னவளும் செல்லக்கிளிதான். மடைக் கம்பியை அவள் நீட்டியபோது, "நான் வேண்டாம்னு கை தூக்குனவன் தாயி" என்று அவர் பின்வாங்கினார். "அந்தக் கை அன்னைக்கு வரலேன்னா ஏதுண்ணே தண்ணி?" என்றாள் அவள். அவர் திறந்தார். அவர் அன்றைக்கு மைக்கில் கேட்ட கேள்விக்கு ஊர் குடியரசு தினக் கூட்டத்தில் பதில் சொன்னது. கண்மாய் மீன் குத்தகை சவரிமுத்துவுக்கு என்று முதல் தீர்மானம். எதிர்ப்பவர்கள் உண்டா என்று கேட்டார்கள், ஒரு கைகூட எழவில்லை.