ராஜாவின் வண்டி வீடு

கருங்கோட்டையை ஆண்ட ராஜா கொழுந்துவேலுக்கு நாட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை. ஆனால் சொந்தக் கட்டிலை விட்டு வேறு இடத்தில் படுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஊர்சுற்றலா, கட்டிலா, எதை விடுவது என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு, ராஜாக்களின் வழக்கப்படி எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்தார்.

தச்சர்களை அழைத்துச் சக்கரம் வைத்த ஒரு வீட்டையே கட்டச் சொன்னார். உள்ளே கட்டில், சின்னப் பூசையறை, தாளிக்க ஓர் அடுப்பு, நாலு பக்கமும் ஜன்னல். காளைகளைப் பூட்டி இழுத்தால் வீடு நகரும்.

வீடு தயார். எங்கே போவது?

நாட்டின் மேற்கு எல்லையாக ஒரு மலைத்தொடர் நீண்டு கிடந்தது. இந்தப் பக்கம் கருங்கோட்டை. அந்தப் பக்கம் செண்பகராமர் என்ற ராஜா ஆளும் மேலநல்லூர். அருவியும் சோலையுமாக அந்த மலை கண்ணைப் பறிக்கும் என்று ராஜா கேள்விப்பட்டிருந்தார். அந்த எல்லை மலையை ஒட்டியே போக வேண்டும் என்றார். படுத்திருக்கும்போது வீடு குலுங்கக் கூடாது. மாலையானால் நீரும் நிழலும் உள்ள இடத்தில் தங்க வேண்டும். எவரும் மனுவோடு வந்து ஜன்னலடியில் நிற்கக் கூடாது.

பிரதானி மங்களேசர் உடனே எழுந்தார். நாட்டின் சாலைகளும் ஏரிகளும் அவர் பொறுப்பு. ஆண்டு தவறாமல் அவற்றைச் செப்பனிட்டு வந்தார். அதாவது, செப்பனிட்டதாகச் சபையில் சொல்லி வந்தார். சாலைகள் பட்டு விரித்தது போலக் கிடக்கின்றன, வழியும் தங்குமிடமும் பார்த்துச் சொல்ல வெள்ளியம்பலத்தைவிடப் பொருத்தமானவர் யார் என்று கேட்டார். வீடு ஒருமுறை குலுங்கினாலும் அவரை நாடு கடத்திவிடலாம் என்றும் சிரித்தபடியே சேர்த்துக்கொண்டார். வெள்ளியம்பலம் சபையில் விகடம் பேசியே ராஜாவின் நண்பரானவர். அந்த விகடங்களில் பாதிக்கு மேல் பிரதானியின் மேல்தான் விழுந்திருந்தன.

ராஜாவும் சரி என்றுவிட்டார். வெள்ளியம்பலம் ஒரு மாட்டுவண்டியில் வழி பார்க்கக் கிளம்பினார்.

முதல் ஊர் வருவதற்குள் அச்சு முறிந்துவிட்டது. பட்டு விரித்த சாலையில் முள்செடிதான் விரிந்திருந்தது. ஏரி என்று காட்டிய இடத்தில் ஆடு மேய்ந்தது. வழிப்போக்கர் சாவடியில் வௌவால்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தன. அரண்மனை ஆள் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரே கூடிக் குறை சொல்ல ஆரம்பித்தது. எப்படியோ தப்பி ஒரு புளியமரத்தடியில் வந்து உட்கார்ந்தார். இனி நாடு கடத்தப்படுவது நிச்சயம், எங்கே போய்ப் பிழைப்பது என்று யோசித்தார். மேலநல்லூர் பக்கத்தில்தானே இருக்கிறது, குடியேறத் தோதாக இருக்கிறதா என்று பார்த்து வைப்போம் என்று மலைக் கணவாயைத் தாண்டினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. வழி கிடைத்துவிட்டது என்று ராஜாவிடம் சொன்னார்.

பயணம் இரவில் தொடங்கியது; கணவாய் வரையுள்ள பள்ளங்களை வெள்ளியம்பலம் வைக்கோல் போட்டு மூடி வைத்திருந்தார். கணவாயைத் தாண்டும்போது ராஜா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பல்லக்கில் வந்த பிரதானி, தூசிக்குப் பயந்து திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார். அதன் பிறகு வீடு தொட்டில் போல நகர்ந்தது. ராஜா ஜன்னலோரம் உட்கார்ந்து அருவி பார்த்தார். ஒருநாள் மாந்தோப்பில் தங்கினார்கள், மறுநாள் ஆற்றங்கரையில். ஒரு மனுவும் வரவில்லை.

அடுத்து ஒரு பெரிய ஏரிக்கரையில், அங்கிருந்த சாவடியை ஒட்டித் தங்கினார்கள். தளும்பும் நீரில் மலையின் நிழல் ஆடியது. ராஜாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. நாட்டை இப்படி வைத்திருக்கும் பிரதானியை இத்தனை நாள் பாராட்டாமல் விட்டோமே என்று வருந்தினார்.

மங்களேசர் எல்லைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அடக்கமாகத் தலைகுனிந்தார். "இந்த ஏரியை நானே கூட நின்று தூர் வாரினேன், பிரபு. அந்தச் சாவடியும் அடியேன் கட்டியதுதான்."

வெள்ளியம்பலம் பாக்கு மென்றுகொண்டிருந்தார்.

சாவடியைப் பார்த்துக்கொள்ளும் பெண் எல்லோருக்கும் பானகம் கொண்டு வந்தாள். உங்கள் ராஜா உங்களுக்கு ஏதாவது குறை வைத்திருக்கிறாரா என்று ராஜா பெருமிதத்தோடு அவளைக் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லீங்க. செண்பகராமர் மகாராஜா நல்லா இருக்கணும்," என்றாள் அவள். "நீங்க எந்த ஊருங்க?"

ராஜாவுக்குப் பானகம் புரையேறியது. அவள் போன பிறகு வெள்ளியம்பலத்தின் பக்கம் திரும்பினார். "எங்கே கொண்டு வந்திருக்கிறீர்?"

"எல்லை மலையோரம்தான், பிரபு. எந்தப் பக்கத்து ஓரம் என்று தாங்கள் சொல்லவில்லை. குலுங்காத சாலையும் நீருள்ள தங்குமிடமும் கேட்டீர்கள். நம் பக்கம் தேடினேன், இல்லை. மனு கொடுக்காத ஜனங்கள் வேண்டும் என்றீர்கள். இவர்கள் தங்களிடம் ஏன் கொடுக்கப் போகிறார்கள்?"

"அப்படியானால் இந்த ஏரியைத் தூர் வாரியது..." ராஜா பிரதானியைப் பார்த்தார். பிரதானி ஏரியைப் பார்த்தார்.

"எனக்கும் அதுதான் வியப்பு, பிரபு," என்றார் வெள்ளியம்பலம். " அயல்நாட்டு ஜனங்களுக்காக இப்படி உழைத்த பிரதானி வேறெங்கும் இருக்க மாட்டார்."

ராஜா கோபப்படத்தான் நினைத்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்து முடித்ததும் உத்தரவு போட்டார்: வண்டி வீடு இனி மங்களேசருக்கு. நம் பக்கத்துச் சாலையிலேயே அதில் குடியிருந்து, குலுங்காமல் தூங்கும் நாள் வரை அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கக் கூடாது. தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்துக்குப் போட்டார்.

அப்போதுதான் அவருக்கு இன்னொரு கவலை வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிட்டோமே. படையெடுப்பு என்று செண்பகராமர் நினைத்துவிட்டால்?"

"வழி பார்க்க வந்த அன்றைக்கே அவரைக் கண்டு அனுமதி வாங்கிவிட்டேன், பிரபு. பெருந்தன்மையானவர். எவ்வளவு காலம் தங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார்."

"என்ன சொன்னீர்?"

"எங்கள் பக்கத்துச் சாலை சரியாகும் வரை என்றேன். உடனே ஆட்களைக் கூப்பிட்டு, தங்களுக்கு ஓர் அரண்மனை கட்ட அஸ்திவாரம் தோண்டச் சொல்லிவிட்டார்."