அரக்கன் இல்லாத கதை

"அம்மா, என் கதையில அரக்கன் இல்ல."

இதைச் சொல்லும்போது பிறவிப்பெருமாள் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

தவமணி அம்மை கத்தரிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் சின்ன மடம். அவர்தான் அங்கே குரு. வயது முப்பத்தெட்டு.

சீடருக்கு அறுபது நிறைய இன்னும் மூன்று மாதம்.

குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். அந்தப் பக்கத்தில் இதில் யாருக்கும் ஒரு குழப்பமும் கிடையாது.

"அரக்கன் எதுக்கு அண்ணாச்சி?"

"எட்டாவது படிக்கு."

விஷயம் இதுதான். பிறவிப்பெருமாள் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரையில் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தார். ஒவ்வொரு மனுஷன் வாழ்க்கையும் ஒரு வீரப் பயணமாம். அதைப் பன்னிரண்டு படியாகப் பிரித்து எழுதினால் காவியமாம். மதியச் சாப்பாட்டோடு சொல்லிக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் ஆள் எழுத உட்கார்ந்துவிட்டார். நூற்றி நாற்பது பக்கம்.

அம்மை கையைத் துடைத்துக்கொண்டு காகிதக் கட்டை வாங்கினார்.

"முதல் படி என்ன?"

"அழைப்பு வரணும்மா. எனக்கு இன்டர்வியூ கார்டு வந்துச்சு."

"அப்புறம்?"

"தயங்கணும். ரெண்டு நாள் தயங்கினேன்."

"அப்புறம்?"

"எல்லையைத் தாண்டணும். நான் ஆத்தைத் தாண்டினேன். வெள்ளத்துல. சர்ட்டிபிகேட்டைத் தலையில கட்டிக்கிட்டு."

"எவ்வளவு தண்ணி?"

"முழங்கால் வரைக்கும்." கொஞ்சம் நெளிந்தார். "புத்தகத்துல கழுத்து வரைக்கும்."

அம்மை பக்கம் புரட்டினார்.

"இந்த வெள்ளைத் தாடிக்காரர் யாரு?"

"நீங்கதாம்மா."

"நானா?"

"வழிகாட்டின்னா தாடி இருக்கும்னு பயிற்சியில சொன்னாங்க."

அம்மை தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு நாற்பதாம் பக்கத்தை உரக்கப் படித்தார். "முப்பத்தினாலு ஆண்டுகளில் ஒரு பஸ்ஸைக்கூட ஒரு நிமிடம் முந்தியும் அனுப்பியதில்லை, பிந்தியும் அனுப்பியதில்லை."

"அது சத்தியம்மா. அதுல கழுத்து வரைக்கும் கிடையாது."

"நல்லாத்தானே இருக்கு. அரக்கன் இல்லாம அச்சுக்குக் குடுங்களேன்."

"அதெப்படிம்மா? வீரன் யார்கூடவாவது மோதணுமே. எனக்கு வாய்ச்சவங்க எல்லாம் நல்லவங்களாப் போயிட்டாங்க. மேனேஜர்கூட தீபாவளிக்கு ஸ்வீட் குடுத்தார்." அவருக்கு மேனேஜர் மேல் நிஜமாகவே வருத்தம்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"மணிவிழாவுக்குள்ள புத்தகம் வரணும்மா. முதல் பிரதி என் மகளுக்குப் போகணும்."

பிறவிப்பெருமாள் குரல் தாழ்ந்தது.

"பதிமூணு வருஷமா வீட்டுப் பக்கம் வரல. கோயம்புத்தூர்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை அவ அம்மாவுக்குப் போன் பண்ணுவா. நான் எடுத்தா வெச்சிருவா. நான் பட்ட பாட்டைப் படிச்சான்னா மனசு எளகி விழாவுக்கு வருவா. அதுக்குத்தாம்மா எழுதுறேன். வேற எதுக்கும் இல்ல."

"அவளுக்கு என்ன கோபம்?"

"தெரியலம்மா. நான் அவளை எப்பவோ மன்னிச்சுட்டேன்."

"எதுக்கு மன்னிச்சீங்க?"

பிறவிப்பெருமாள் யோசித்தார். நல்லாவே யோசித்தார்.

"பொதுவா."

அம்மை சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கட்டை மடியில் வைத்து மகளைத் தேடினார். நூற்றி ஒன்பதாம் பக்கத்தில் அகப்பட்டாள். 'எனக்கு ஒரு மகள், கோவையில் நலம்.' அந்த வரிமேல் விரலை வைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி, அரக்கன் இல்லாத ஊர் கிடையாது. உங்க கதையில இல்லேன்னா வேற யார் கதைக்கோ வேலைக்குப் போயிருப்பான்."

"எங்கம்மா போய்த் தேட?"

"தெரிஞ்சவங்க கதையில தேடுங்க. ஒண்ணு மட்டும். கதை கேக்கும்போது நடுவுல உங்க கதையைச் சொல்லிறாதீங்க."

அம்மை காகிதக் கட்டைத் திருப்பித் தரவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

பிறவிப்பெருமாள் வீட்டுக்கு வந்து மனைவி உலகம்மாள் முன்னால் உட்கார்ந்தார். உலகம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன் கதையில அரக்கன் யாரு?"

"காலங்காத்தால இதென்ன கேள்வி?"

"சொல்லு. குரு கேக்கச் சொன்னாங்க."

"எங்கதையில அரக்கனுக்கு இடம் ஏது. நீங்களும் இட்லி மாவும்தான் இருக்கீங்க."

அவருக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. "அப்ப நான்தான் அரக்கனா?"

"சேச்சே. நீங்க தொல்லை. அரக்கன் வேற." காயைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நிசமாவே தெரியணும்னா கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுங்க. ஏழு தடவை சொல்லியாச்சு, இது எட்டு."

மகள் செண்பகம் கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கபடிப் பயிற்சியாளர். சாயங்காலம் மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் விசில். அப்பா வேலியோரம் நிற்பதைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் இறுகிவிட்டது.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கா. நான் ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளுங்க."

"உன் கதை."

"என்ன கதை?"

"நீ இங்க வந்து சேர்ந்த கதை. நான் நடுவுல பேச மாட்டேன். குருகிட்ட சத்தியம் மாதிரி."

செண்பகம் அவரை நம்பவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அப்பா நடுவில் பேசாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. ஆனால் பிள்ளைகள் இன்னும் ஆறு சுற்று ஓட வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்தே சொன்னாள்.

"ப்ளஸ் டூ முடிச்ச வருஷம். திருநெல்வேலியில கபடி செலக்‌ஷன். காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும். எங்க ஊர்ல இருந்து ஆறு பத்து பஸ். அதை விட்டா எட்டரைக்குத்தான்."

"ஆமா, எட்டரைதான்," என்றார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். பஸ் இல்ல."

"இல்லையா?"

"அஞ்சு அம்பத்தஞ்சுக்கே போயிட்டுன்னாங்க."

பிறவிப்பெருமாளால் பொறுக்க முடியவில்லை. பஸ் விஷயம் ஆயிற்றே.

"அதெப்படிப் போகும்? பதினஞ்சு நிமிஷம் முந்தி எவன் வண்டியை விட்டது?"

"கேளுங்க. பஸ் குளத்தைச் சுத்தி, ரோடு பிரியுற ஆலடி விலக்குக்கு வரும். ஒம்பது கிலோமீட்டர். குளத்துக்குள்ள குறுக்க விழுந்தா மூணு. நான் பையைத் தோள்ல போட்டுக்கிட்டு குளத்துல இறங்கிட்டேன்."

"சகதியா இருக்குமே தாயி."

"முழங்கால் வரைக்கும் சகதி. செருப்பு ரெண்டும் போச்சு. கருவேல முள்ளு வேற. அழுதுக்கிட்டே ஓடுனேன்."

அவர் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டார். கை தன்னால் கணக்குப் போட்டது. "அஞ்சு அம்பத்தஞ்சுக்குக் கிளம்பினா ஆறே காலுக்கு விலக்கைத் தாண்டிருமே. நீ எப்ப போய்ச் சேர்ந்த?"

"ஆறு இருபத்தஞ்சு."

"போச்சு." தலையில் கை வைத்துக்கொண்டார். "பத்து நிமிஷத்துல போச்சே."

"போகல. பஸ் அங்க நின்னுச்சு. டிரைவர் பலவேசம் அண்ணன் கீழ இறங்கி டயரைத் தட்டிக்கிட்டு நின்னார். என்னைப் பார்த்ததும், வா தாயி, டயரு சரியாயிட்டுன்னார்."

பிறவிப்பெருமாள் தொடையைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மனுஷன்னா அவன் மனுஷன். செலக்‌ஷன்?"

"காலெல்லாம் ரத்தத்தோட ஆடுனேன். எடுத்துட்டாங்க."

"எடுக்காம? எடுக்காம இருப்பானா?" எழுந்தே நின்றுவிட்டார். "ஆனா ஒண்ணு செண்பகம். அந்த டைம்கீப்பரைச் சும்மா விடக் கூடாது. ஒரு பிள்ளையோட வாழ்க்கை. அவன் மேல அன்னிக்கே ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்கணும். யாரு அவன் டூட்டியில?"

செண்பகம் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

பிள்ளைகள் இன்னொரு சுற்று முடித்து அவர்களைத் தாண்டி ஓடினார்கள்.

பிறவிப்பெருமாள் மெல்ல உட்கார்ந்தார்.

மறந்துதான் போயிருந்தார். ஆள் பொய் சொல்கிறவர் இல்லை. பொட்டப்பிள்ளைக்கு அரை டவுசரில் என்ன ஆட்டம் என்று அன்று ஒரு ஆத்திரம். பலவேசத்தைக் கூப்பிட்டு, வண்டியை எடு என்றார். கையில் கடிகாரம் இருந்தது. மகள் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கேட்டதும், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மனசு முடிவு கட்டிவிட்டது. விலக்கில் பத்து நிமிடம் தாமதம் ஏன் என்று பலவேசத்துக்கு மெமோ கொடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

அரக்கன் கிடைத்துவிட்டான். பார்க்க அப்படி ஒன்றும் பயங்கரமாக இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தான்.

தன் கதையைச் சொல்லலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்பா மனசு, ஊர் வாய், காலம் அப்படி. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. குரு சொன்னது ஞாபகம் வந்து விழுங்கினார்.

"தப்புப் பண்ணிட்டேன் தாயி."

அவ்வளவுதான் வந்தது.

செண்பகம் விசிலை எடுத்தாள். ஊதினாள். பிள்ளைகள் நின்றார்கள். அவள் கண்ணைத் துடைத்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"வாங்க."

கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டாள். விழாவுக்கு வா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்க என்ன உரிமை என்று நினைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது அவளே ஜன்னலோரம் வந்து சொன்னாள்.

"விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி வரைக்கும் டோர்னமென்ட் இருக்கு. முடிஞ்சா வர்றேன். எனக்காகப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

மடத்தில் அம்மை கேட்டார்.

"அரக்கன் அகப்பட்டானா அண்ணாச்சி?"

"அகப்பட்டான்."

"எப்படி இருக்கான்?"

"என் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியுறான்மா."

அம்மை உள்ளே போய் அந்த நூற்றி நாற்பது பக்கத்தை எடுத்து வந்தார். "எட்டாவது படிக்கு ஆள் கிடைச்சாச்சு. எழுதி முடிங்க."

"வேண்டாம்மா. இதைவிட நல்ல கதை ஒண்ணு கேட்டுட்டேன். அதுல நான் பதினஞ்சு நிமிஷம்தான் வர்றேன்."

"அது போதுமா?"

"ரொம்ப அதிகம்மா."

மணிவிழா ஊர்க் கோயில் மண்டபத்தில். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை வரை. பிறவிப்பெருமாள் மாலையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உலகம்மாள், கல்யாணப் பெண்ணைவிடக் கூடுதலாக வெட்கப்பட்டுக்கொண்டு. முன்வரிசையில் தவமணி அம்மை.

ஏழு மணிக்குப் போன் வந்தது. பிறவிப்பெருமாள் எடுத்தார். செண்பகம் வைக்கவில்லை.

"அப்பா, சாத்தூர்ல பஸ் பிரேக்டவுன். மாத்தி ஏத்தி விடுறாங்களாம், ஆளைக் காணோம். ஒம்பது ஆகும் போல. நீங்க தாலியைக் கட்டிருங்க. நான் சாப்பாட்டுக்கு வந்திர்றேன்."

"சரி தாயி," என்றார்.

குருக்கள் தாலியை எடுத்துக் கையில் கொடுத்தார். பிறவிப்பெருமாள் வாங்கிக்கொண்டார். கட்டவில்லை.

ஏழேகால் ஆயிற்று. நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை வாயில் வைத்து எடுத்தார். உலகம்மாள் முழங்கையால் இடித்தாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பெரிய மச்சினர் எழுந்து அம்மையிடம் போனார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாக் கேப்பார்."

அம்மை தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

குருக்கள் குனிந்து காதோரம் சொன்னார். "அண்ணாச்சி, ஏழு இருபத்தெட்டு. நேரம் தாண்டப் போகுது."

பிறவிப்பெருமாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாண்டட்டும் சாமி," என்றார். "என் மக இன்னும் ஏறல."