தொட்டால் நகர்த்தணும்

கொக்கரசம்பட்டி சதுரங்க மன்றத்தில் மொத்தமே மூணு பேர். மூணு பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அதில் காத்தமுத்து எப்படியோ டவுன் போட்டியில் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டான். முதல் பரிசு கிரைண்டர். ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டித் தோள் இறங்கிப்போன அவன் பெண்டாட்டி செல்லக்கிளி காலையிலேயே சொல்லிவிட்டாள்: "கிரைண்டரோட வந்தா இட்லி. இல்லேன்னா அரிசியை அப்படியே தர்றேன், மென்னுக்க."

எதிராளி பக்கத்து ஊர்த் திரவியம். நடுவர் கறாராகச் சொன்னார்: "தொட்டா நகர்த்தியே ஆகணும். ஒருத்தர் நகர்த்தினா அடுத்தது எதிராளி முறை."

காத்தமுத்து பயபக்தியோடு தலையாட்டினான். உட்காரும்போதே முழங்கை மேசையில் பட்டது.

"மேசையைத் தொட்டுட்டடா!" என்று அலறினான் கூட வந்த சோணையன். அவனும் மன்றத்து மூணாவது ஆள் பூச்சியப்பனும் ஓடிவர, மூவருமாக மேசையை நகர்த்தினார்கள். காயெல்லாம் உருண்டது.

"யோவ், என்னய்யா இது?" என்று நடுவர் பாய்ந்து வந்தார். சமாதானம் சொல்ல அவர் கையைப் பிடித்தான் காத்தமுத்து. போச்சு. அவரையும் இடுப்போடு தூக்கி ஜன்னலோரம் நகர்த்தி வைத்தார்கள்.

"வெளிய போங்கடா! பரிசு திரவியத்துக்குத்தான்!"

வாசலில் கிரைண்டர் பளபளவென்று நின்றது. காத்தமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. லேசாகத் தடவிவிட்டான்.

"அய்யய்யோ, தொட்டுட்டேன்."

"எவ்வளவு தூரம் நகர்த்தணும்?" என்றான் பூச்சியப்பன்.

சோணையன் தூக்கிப் பார்த்தான். "இந்தக் கனம் கனக்குதே, சதுரங்கக் கணக்குல இது யானைதான். யானை நேராப் போகும். எவ்வளவு தூரமும் போகலாம்."

மூச்சு வாங்கச் சுமந்தார்கள். டீக்கடை முக்கில் ஊர்ப்பாதை இடப்பக்கம் திரும்பியது.

"யானை பாதியில திரும்பாதுடா," என்றான் சோணையன். "இறக்கு. இனி திரவியம் முறை."

இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். திரவியம் ஆட்டோவில் துரத்தி வந்தான்.

"வாப்பா, உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம்," என்றான் காத்தமுத்து.

திரவியம் கிரைண்டரை ஏற்றிக்கொண்டு வந்த வழியே பறந்தான்.

"நேராத்தான் போறான். நாணயமான ஆளு," என்று மெச்சினான் பூச்சியப்பன்.

வீட்டில் செல்லக்கிளி கேட்டாள், "கிரைண்டர் எங்கய்யா?"

"ஆட்டம் இன்னும் முடியல புள்ள."

அவள் காதைப் பிடித்தாள்.

"தொட்டுட்டே. நகர்த்தணும்," என்றான் பணிவாக.

நகர்த்தினாள், நேரே ஆட்டுக்கல்வரைக்கும். ஊறின அரிசியை உள்ளே கொட்டி, "ஆட்டு!" என்றாள்.

காத்தமுத்து குழவியைத் தொட்டான். தொட்டாயிற்றே, ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ம், இப்ப உன் முறை."