தங்கப்பழத்தின் வாக்குத்தத்தம்

நேசபுரத்துக் கிறிஸ்தவ சபைக்கு உபதேசியாராக வந்தபோது வேதநேசனுக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் வேதம் படிக்க வந்து சேர்ந்த சீடருக்கு அறுபத்தொன்று.

சீடரின் பெயர் தங்கப்பழம். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டிப் பாதி இந்தியாவைப் பார்த்தவர். உள்ளூர் ஆலயத்தின் உட்பக்கத்தை மட்டும் தன் கல்யாணத்தன்று பார்த்ததோடு சரி. வண்டி ஓட்டுவதை விட்டபிறகு ஒருநாள் தானாகவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் வந்து, தனக்கு வேதத்தை வாசிக்கச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். மூன்றாம் வகுப்புவரை படித்தவர். ஊர்ப்பெயர்ப் பலகை வாசித்த பழக்கத்தில் பெரிய எழுத்து வரும், சின்ன எழுத்து தகராறு பண்ணும்.

மாதம் ஒருமுறைதான் குருவானவர் வருவார். மற்ற நாட்களில் மணியடிப்பதிலிருந்து அடக்கம் நடத்துவதுவரை எல்லாம் வேதநேசன் தலையில்தான். ஆனாலும் காலை மணியடித்த கையோடு தங்கப்பழத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அந்த மனிதரை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

ஒரு விஷயம்தான் இடித்தது. ஞாயிறு காலை ஆலயம், தினமும் மாலை நாலு மணிக்கு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மதுக்கடை என்று தங்கப்பழம் இரண்டு இடத்திலும் தவறாமல் ஆஜர் கொடுத்துவந்தார். உபதேசியார் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் காலை வகுப்பும் போய்விடும் என்று பயந்தார்.

படிக்கத் தொடங்கிய இரண்டாம் மாதம் தங்கப்பழம் கேட்டார். "விசுவாசம்னா என்ன ஐயா? எல்லாரும் சொல்லுதாங்க. எனக்குப் பிடிபடலை."

"நாக்பூர் லோடுக்கு ரெண்டு டிரைவர் போவீங்கல்ல அண்ணாச்சி. மத்தவர் ஓட்டும்போது நீங்க தூங்குவீங்களா?"

"முதல் டிரிப்ல தூங்கலை. கண்ணை மூடுனா பிரேக் சத்தந்தான் கேட்டுச்சு. மூணாவது டிரிப்ல நல்லா குறட்டை விட்டேன்."

"அதுக்குள்ள ரோட்டைச் சரிபண்ணிட்டாங்களோ?"

"ரோடு அதே பள்ளந்தான். ஆளைத் தெரிஞ்சிபோச்சு."

உபதேசியார் காப்பி போடப் போய்விட்டார். தங்கப்பழம் வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேசபுரம் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தாம்பாளத்தை நீட்டுவார்கள். அதில் சின்னச் சின்ன அட்டைகள் குப்புறக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேதவசனம். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தால் அதுதான் அந்த வருடத்துக்கு ஒருவருக்கு ஆண்டவர் கொடுத்த வாக்குத்தத்தம். வசதியான சபைகள் அச்சடித்த அட்டைகளை வாங்கிவிடும். இங்கே உபதேசியாரே வசனங்களைத் தேர்ந்து, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, கத்தரியால் வெட்டிப் போடுவார்.

அந்த வருடம் தங்கப்பழம் ஒன்றை எடுத்தார். அங்கேயே நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். பிரிந்துபோன பிள்ளைகள் தங்கள் இடத்துக்குத் திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் சொல்கிற வசனம் அது.

ஆலயத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கப்பழத்தின் கதை தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் மனைவி இறந்தபோது அவர் லாரியோடு வடக்கே எங்கேயோ இருந்தார். அடக்கம் முடிந்த மறுநாள்தான் வந்து இறங்கினார். அதுவும் நிதானத்தில் இல்லை. ஒரே மகன் எபனேசர் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போனவன் இன்றுவரை போனை எடுக்கவில்லை.

"ஐயா, இது எனக்குத்தானே?" என்று தங்கப்பழம் கேட்டார்.

"உங்க கைக்குத்தானே வந்திருக்கு அண்ணாச்சி," என்றார் உபதேசியார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

மறுநாளிலிருந்து தங்கப்பழம் மாலையானால் குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார். திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ் நாலு பத்துக்கு. ஓசூரிலிருந்து யார் வந்தாலும் அந்த பஸ்ஸில்தான் வந்து இறங்கவேண்டும். வழியில் பார்த்தவர்கள், பெண் பார்க்கவா புறப்பட்டீர் என்று கிண்டல் செய்தார்கள். ஆமாம், நீயும் கூட வா என்று இவரும் பதிலுக்குச் சொல்லிவிட்டுப் போவார்.

வேதநேசனின் வீட்டு ஜன்னலிலிருந்து அந்த நிறுத்தம் தெரியும். தை மாதத்தில் அவர் தினமும் ஆவலாகப் பார்த்தார். பங்குனியில் அவ்வப்போது பார்த்தார். ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியபோது நாலு மணியானால் ஜன்னலைச் சாத்தினார். பஸ் வரும், நாலு பேர் இறங்குவார்கள், பஸ் போகும், வெள்ளைச் சட்டை மட்டும் அங்கே நிற்கும். அதற்குப்பின் அந்த மனிதர் எங்கே போவார் என்று பார்க்க அவருக்குத் தைரியமில்லை. எதிரே கடை இருக்கிறது. மனசு உடைந்தவனுக்கு ரோட்டைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்?

ஒருநாள் காலை வகுப்பில் அவர் மெல்ல ஆரம்பித்தார். சில வாக்குத்தத்தங்கள் நிறைவேற வெகுகாலம் ஆகும், முற்பிதாக்கள்கூடக் காத்துக் காத்துத் தலை நரைத்தவர்கள்தான் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். தங்கப்பழம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "டிசம்பர் வரைக்கும் இருக்குல்லா ஐயா," என்றார்.

உபதேசியாருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. வண்டிக்கு வருடா வருடம் பெர்மிட் எடுத்தே பழகிய மனிதர் வசனத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். ஜனவரி ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை செல்லும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தங்கப்பழம் நேராகவே கேட்டுவிட்டார். "புது வருஷம் பொறந்துட்டா பழைய வசனம் காலாவதியாயிருமா ஐயா?"

எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஒரு உதாரணம் எடுத்துவிடுகிற உபதேசியார் அன்றைக்குக் கணக்குப் போட்டார். ஆகாது என்று சொன்னால் இந்த மனிதர் இன்னொரு வருடம் அங்கே போய் நிற்பார். ஆகும் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. கேரல் பாடலுக்கு ஆள் சேர்க்கவேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டார். போகும்போது தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

அந்த வாரம் அவர் புத்தாண்டு அட்டைகளுக்கு வசனம் தேர்ந்தார். நூற்று இருபத்தாறு பேருக்கு நூற்று இருபத்தாறு வசனங்கள். பிள்ளைகள் திரும்பி வருவதைச் சொல்லும் அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

டிசம்பர் முப்பதாம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கப்பழம் வெள்ளைச் சட்டையும் சொந்தக் கத்தரியுமாக வந்து நின்றார். அட்டை வெட்டக் கூடமாட ஒத்தாசை செய்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வேதநேசனுக்கு வாய் வரவில்லை. இருவரும் தரையில் உட்கார்ந்து வெட்டினார்கள். வெட்டிய ஒவ்வொன்றையும் தங்கப்பழம் சத்தமாக வாசித்துத்தான் தாம்பாளத்தில் வைத்தார். பயப்படாதே என்பதை வாசித்தார். உன்னை விட்டு விலகமாட்டேன் என்பதை வாசித்தார். போன வருடம் ஒரு வரிக்கு மூன்று தடவை நின்றவர், இப்போது சின்ன எழுத்திலும் தட்டாமல் போனார். வேறு சமயமாக இருந்திருந்தால் உபதேசியார் சந்தோஷத்தில் கை தட்டியிருப்பார்.

நூற்று இருபத்தாறும் முடிந்தன. தங்கப்பழம் தாம்பாளத்தைக் கவிழ்த்து, மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஐயா, அந்த வசனத்தைக் காணோமே."

"எத்தனையோ வசனம் இருக்கு அண்ணாச்சி. எல்லாத்துக்கும் இடம் பத்தாதுல்ல."

தங்கப்பழம் காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்கு ஒரு வருடப் பழக்கம்.

"நான்தான் வைக்கலை," என்றார் வேதநேசன். "நீங்க தினமும் அங்க போய் நிக்கறதை என்னால பார்க்க முடியலை. போன வருஷம் அதை எழுதிப் போட்டவன் நான். உங்க மகன் வரலை. யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

இத்தனை நாளாகத் தான் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த மனிதரிடமே தன் அவிசுவாசத்தை ஒப்புக்கொள்வது லேசான காரியம் இல்லை.

தங்கப்பழத்துக்குக் கோபம் வரவில்லை. முகத்தில் இருந்தது பிரியம்தான். வாத்தியார் கணக்கில் தப்புப் பண்ணினதைக் கண்டுபிடித்துவிட்டு அதை வெளியே சொல்லாமல் இருக்கிற மாணவனின் பிரியம். கத்தரியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்களும் வாங்களேன் ஐயா. ஒரு நாளும் வந்ததில்லை நீங்க."

வேதநேசன் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்க்கவே முடியாததைப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டார். மனதுக்குள் ஜெபிக்கவும் செய்தார். இன்றைக்கு ஒருநாள் அவனை அந்த பஸ்ஸிலிருந்து இறக்கிவிடும் ஆண்டவரே, இந்த வருடம் முடிவதற்குள் இறக்கிவிடும்.

பஸ் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தது. ஒரு அம்மாள் இரண்டு பையோடு இறங்கினார். கல்லூரிப் பெண்கள் மூன்று பேர். பின்வாசலில் ஒரு பெரியவர் கைத்தடியோடு நிதானமாக இறங்கினார், தங்கப்பழம் போய் அவருக்குக் கை கொடுத்தார். கண்டக்டர் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

"வரலியே அண்ணாச்சி," என்றார் வேதநேசன்.

"வரலை."

எதிரே கடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. தங்கப்பழம் ஊர்ப்பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"அந்த வசனத்தை எழுதித் தாம்பாளத்துல போடுங்க ஐயா."

"மறுபடியும் உங்க கைக்கே வந்துட்டா? இன்னொரு வருஷம் இங்க வந்து நிக்கணுமே."

"யார் கைக்கு வேணாலும் வரட்டும். எங்கிட்ட உள்ளதை நான் திருப்பிக் குடுக்கவா போறேன்? அது பெர்மிட் இல்லைன்னு எனக்குப் பிடிபட்டுட்டு. நீங்க அன்னைக்குப் பதில் சொல்லாம எந்திரிச்சிப் போனீங்கள்லா, அன்னைக்குத்தான் உக்காந்து யோசிச்சேன்."

"என்ன யோசிச்சீங்க?"

தங்கப்பழம் நின்றார். கொஞ்சம் கூச்சமாகச் சிரித்தார்.

"முத நாள் நான் இங்க வந்து நிக்கும்போது பஸ் வரப் பத்து நிமிஷம் கெடந்துச்சு. கடை தொறந்துதான் இருந்துச்சு. எம்மவன் இறங்கி வரும்போது வாய் நாறக் கூடாதேன்னு நான் அங்க போகலை. அவன் வரலை."

"அப்புறம்?"

"நாளைக்கு வருவான்லா. அன்னைக்கு ராத்திரியும் சும்மா படுத்துட்டேன். மறுநாளும் அப்படித்தான். தெனமும் இன்னைக்கு வந்துருவான், இன்னைக்கு வந்துருவான்னேதான் போச்சு ஐயா. நேத்து வரைக்கும் ஒரு சொட்டு இல்லை."

உபதேசியார் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வருடமாக அவர் அந்த பஸ்ஸின் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டையில் தன் கண்ணெதிரே நடந்துபோன ஆளைப் பார்க்கவேயில்லை. அவர் கண்களில் நீர் முட்டியது.

தங்கப்பழம் அவர் தோளில் கை வைத்தார்.

"ஜனவரி ரெண்டாந்தேதியே அவன் வந்து இறங்கியிருந்தான்னு வைங்க. யார்கிட்ட ஐயா வந்திருப்பான்?"